கரண்ட் கணக்கும் நம்ம கணக்குத்தான்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம பகுதியில ஒரு தையல் குழு கடன் வாங்கித் தொழில் பண்றாங்க. சீருடை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, அவசரத்துல ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகிட்டாங்க. கொஞ்ச நேரத்துல பாக்ஸ் உருகி, பக்கத்துல அடுக்கியிருந்த துணி கருகிப் போச்சு. நல்லவேளை, ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. "எங்க நேரம் சரியில்லை"ன்னு அவங்க சொன்னாங்க. நேரம் இல்லை அக்கா, கணக்குத்தான் தப்பிப் போச்சு.

"நாங்க அஞ்சாவதுதான் படிச்சோம், இதெல்லாம் புரியுமா?" என்று கேட்கலாம். வாரா வாரம் வட்டிக் கணக்கு போடுறீங்களே, அந்தப் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

மூணு சொல்லை மட்டும் மனசுல வையுங்க. வோல்ட் என்பது கரண்டைத் தள்ளுகிற அழுத்தம். நம்ம வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஆம்பியர் என்பது வயரில் ஓடுகிற கரண்டின் அளவு. ஓம் என்பது அந்த ஓட்டத்தைத் தடுக்கிற தடை. ஜெர்மனி நாட்டு அறிஞர் ஓம் என்பவர் 1827-ல் இந்தக் கணக்கைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் பேர்தான் அந்த அளவுக்கும்.

எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஒரு இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியர் இழுத்தது.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ்: 230 × 4 = 920 வாட்ஸ்.
வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை: 230 ÷ 4 = 57.5 ஓம்.

ரெண்டு பெட்டின்னா 8 ஆம்பியர். அந்த பாக்ஸ்ல போட்டிருந்தது 6 ஆம்பியர்! தாங்குமா? ஒரே வயரில் கரண்ட் ரெண்டு மடங்கு ஓடினால் சூடு நாலு மடங்கு ஏறும். பிளக் லூசாக இருந்தால் அந்த இடத்துல தடை கூடி இன்னும் சூடாகும்.

இன்னொண்ணு. சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கினா பெட்டி ஏன் சரியா சூடாகலை? தடை அதே 57.5 ஓம்தான். 180 ÷ 57.5 = சுமார் 3.1 ஆம்பியர். அதை 180-ஆல் பெருக்கினா ஏறத்தாழ 560 வாட்ஸ்தான். 920 எங்கே, 560 எங்கே!

இந்தக் கணக்கு இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் மாதிரி சூடு தருகிற சாமானுக்குச் சரியா வரும். கிரைண்டர் மாதிரி மோட்டார் உள்ளதுக்குத் தோராயம்தான். அதில் ஒட்டியிருக்கிற வாட்ஸைப் பாருங்க. வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்து காயில் கருகலாம். அந்த நேரத்துல ஓட்டாதீங்க.

மீட்டர் வைக்கிறதும் வயரைத் தொடுறதும் எலக்ட்ரீஷியன் வேலை. சாமான்ல எழுதியிருக்கிறதைப் படிக்கிறது நம்ம வேலை. வாட்ஸை 230-ஆல் வகுத்தா ஆம்பியர் வந்துடும். சின்ன பிளக் 6 ஆம்பியர், பெரிய பிளக் 16 ஆம்பியர். அதுக்குள்ள அடங்குதான்னு பாருங்க.

இனிமே எந்தக் குழு மெஷின் வாங்கினாலும், விலையோட வாட்ஸையும் ஆம்பியரையும் தீர்மான நோட்டுல எழுதுவோம். பாடுபட்டுச் சேர்த்த பணம், புகையாப் போகக் கூடாது.