மஞ்சள் கொடியும் ஒரு பாடமே!

நடுவர் அவர்களே! பிள்ளைகளைத் திருத்துவது கனிவே என்று எதிரணி நண்பர் உருகினார். கொஞ்சம் அமெரிக்காவுக்கு வரச் சொல்லுங்க. அங்கே உயர்நிலைப் பள்ளிப் பசங்க அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுறாங்க. 4 முயற்சியில 10 கஜம் முன்னேறணும். அதுக்கே முட்டி மோதணும். மோதிச் சாய்க்கலாம், அது ஆட்டம். ஆனா விழுந்தவனைப் பார்த்து ஏளனமா ஒரு வார்த்தை விட்டா? ஆளைத் தொடவே வேண்டாங்க, வார்த்தை போதும். ஆட்ட நடுவர் மஞ்சள் கொடியை வீசிடுவார். 15 கஜம் பின்னாடி போ! பேசினது ஒருத்தன்; பின்னாடி போறது மொத்த அணி. வாய் நீண்டால் கஜம் குறையும்! அதே பையன் மறுபடி அப்படிச் செஞ்சா, ஆட்டத்தை விட்டே வெளியே.

நடுவரை ஏசுகிற பயிற்சியாளருக்கும் இதே சட்டம்தான். வாத்தியாருக்கு ஒரு நீதி, மாணவனுக்கு ஒரு நீதி கிடையாது!

கண்டிப்பு என்றால் கோபம் இல்லை, ஐயா. கொடி வீசுகிறவர் பதிலுக்குக் கத்தக் கூடாது; கத்தினா அவருக்கும் அந்தப் பையனுக்கும் என்ன வித்தியாசம்?

விழுந்தவனை மதிக்கத் தெரியாதவன் நாளைக்கு வீட்டில் யாரை மதிப்பான்? அங்கே கொடி வீச நடுவர் இருக்க மாட்டார். ஆகவே பள்ளிக்கூடத்திலேயே வீசிவிடுங்கள் என்று கூறி அமர்கிறேன்.