தலையில் அடிபட்டோர் தொழிலுக்கு மீளுதல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தாருட் சிலர் கடையும் கிடங்கும் சிறு தொழிற்சாலையும் நடத்துவோர். பலர் அவ்விடங்களிற் சம்பளத்திற்கு உழைப்போர். ஆதலின் இரு திறத்தார்க்கும் ஒருங்கே பயன்படும் பொருளொன்றனை இன்று பேச எடுத்துக்கொண்டோம். தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி யுற்ற ஊழியர் மீண்டும் வேலைக்கு வருங்கால் அவரை நடத்தும் முறை யாது என்பதே அப்பொருள்.

மூளையதிர்ச்சியாவது யாது? மண்டையோட்டினுள், நீரிடை மிதப்பதுபோல், மெல்லிய மூளை அமைந்துளது. இருசக்கர வண்டியினின்று வீழ்ந்தாலும், ஏணியினின்று சறுக்கினாலும், பரணிலிருந்த பெட்டி தலைமேல் விழுந்தாலும், அம்மூளை உள்ளே குலுங்குகின்றது. நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு, அவற்றின் இயக்கம் சிலகாலம் பிறழ்கின்றது. நினைவு தப்பினாலன்றி மூளையதிர்ச்சி யில்லை யென்று பலர் எண்ணுகின்றனர், அஃது உண்மையன்று. ஸ்கேன் படத்தில் ஒன்றுமில்லை யென்றால் நோயுமில்லை யென்று கருதுவதும் பிழையே. என்னை? அப்படம் குருதிக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டுமேயன்றி, மூளையின் இயக்கத்தில் நேர்ந்த பிறழ்ச்சியைப் பெரும்பாலும் காட்டாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. அடிபட்டவர்க்குத் தலைவலி வரவர மிகுதல், பன்முறை வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் சோர்தல், எழுப்பவும் எழாத உறக்கம் என்னும் இவற்றுள் ஒன்று தோன்றினும், ஒரு கணமும் தாழாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். தேநீர் கொடுத்துக் கடைத் திண்ணையிற் படுக்கவைத்துக் காத்திருத்தல் உயிருக்கே கேடாய் முடியும்.

இனி, அத்தகைய அபாயமின்றி வீடு திரும்பினாரைப் பற்றிப் பேசுவோம். கால் முறிந்தவர்க்குக் கட்டுண்டு, கண்டார் இரங்குவர். மூளையதிர்ச்சி யுற்றவர்க்கோ புறத்தே அடையாளம் யாதுமில்லை. உண்கின்றார், நடக்கின்றார், முகமும் தெளிவாயிருக்கின்றது. ஆயினும் பத்து உருப்படிகளைக் கூட்டுதற்குள் தலை கனக்கின்றது. குழல்விளக்கின் ஒளி கண்ணைக் குத்துகின்றது. வாடிக்கையாளர் நால்வர் ஒருங்கே பேசின் ஒன்றும் விளங்குவதில்லை. சற்றுமுன் சொன்னது மறந்துபோகின்றது. முன்னில்லாத சினமும் எழுகின்றது. இவற்றைக் கண்ட முதலாளி, "இவன் பாசாங்கு செய்கின்றான்" என்கின்றார். உடன் வேலை செய்வோர் நகைக்கின்றனர். ஊழியரோ, சம்பளம் போய்விடுமே யென்றஞ்சித் தம் நோயை மறைத்துக்கொண்டு மறுநாளே ஏணி ஏறுகின்றார். மயக்கத்தால் மீண்டும் வீழ்ந்து, முதல் அடி ஆறுமுன்னே இரண்டாம் அடி படுமாயின், அதன் கேடு பெரிது. ஆகவே, ஊழியர் சொல்லை முதலாளி நம்புதலே இந்நோய்க்கு முதல் மருந்தென்பது எமது துணிபு.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிவோர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். மூளையதிர்ச்சிக்கு அதனை உடனே மாற்றவல்ல மாத்திரை இல்லை. மருத்துவரும் எப்பொழுதும் உடனிருத்தல் இயலாது. ஆதலின் துணைபுரிவோர் கடமையே இங்கு மிகுதிப்படுகின்றது. வேலைக்கு மீளும் ஊழியர்க்கு வீட்டில் மனைவியோ தாயோ துணையாவதுபோல, வேலையிடத்தில் முதலாளியே அத்துணையாவர்.

அத்துணை செய்யும் முறை யாங்ஙனமெனின், கூறுதும். நோய்க்குறிகள் முற்றும் நீங்குமளவும் இருட்டறையிற் கிடத்தல் வேண்டுமென்பது முன்னைய கொள்கை. இக்காலத்தார் அதனைக் கைவிட்டனர். விளையாட்டில் அடிபட்டோரைக் குறித்து 2022ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரிற் கூடி ஆராய்ந்த அறிஞர்கள், முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வும், அப்பால் மெல்ல நடத்தல் முதலாகப் படிப்படியான முயற்சியும் நன்மை பயக்குமென்று முடிவுசெய்தனர். வேலைக்கு மீளுதற்கும் இப்படிமுறையே ஏற்றது. பெரும்பாலார் சில வாரங்களில் நலமடைவர். சிலர்க்குத் திங்கள் பல செல்லும்.

மருத்துவர் இசைந்தபின், முதலில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரமே வேலை கொடுக்க. தொல்லையின்றேல் சில நாட்களுக்கொருமுறை நேரத்தைக் கூட்டுக. தலைவலி மிகுந்தால் முன்னைப் படிக்கே இறக்குக. ஒரு வேலை முடிந்தபின் மற்றொன்று சொல்லுக. சொல்வதைத் தாளில் எழுதியும் கொடுக்க. சந்தடி குறைந்த மூலையில் இடம் அளித்து, இடையிடையே சிறிது ஓய்வு தருக. கணினித் திரையின்முன் நெடுநேரம் இருத்த வேண்டா. ஏணி ஏறல், வண்டி ஓட்டல், சுழலும் பொறியருகே நிற்றல் ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்குமளவும் தவிர்க்க. கல்லாப்பெட்டியை அவரிடம் தனியே ஒப்புவித்தலும் ஆகாது. கணக்கில் நூறு ரூபாய் குறையின், மறதியாற் பிறந்த பிழை திருட்டெனப் பெயர் பெறும். உடம்பு தேறினும் அப்பழி தேறாது. எனவே அவர் எழுதிய கணக்கை மற்றொருவர் சரிபார்ப்பாராக.

ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்றே உழைக்கும் பெண்மக்களை ஈண்டு மறத்தலாகாது. ஊழியர்க்கு இருக்கை அளித்தல் வேண்டுமென்று 1947ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2021இல் திருத்தியது. நலமுள்ளார்க்கே இருக்கை உரியதாயின், தலைசுற்றல் உடையார்க்கு அஃது எத்துணை இன்றியமையாதது!

"அரை நாள் வேலைக்கு முழுச் சம்பளமோ?" என்று சிலர் வினவக்கூடும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ், விதிப்படி சந்தா செலுத்திய ஊழியர்க்கு நோய்க்கால உதவியும், தொழிலால் நேர்ந்த காயத்திற்கு அதனினும் உயர்ந்த உதவியும் உண்டு. முதலாளிகள் தம் ஊழியரைத் தவறாது அதிற் பதிவு செய்தல் வேண்டும். ஆயின் அத்திட்டத்துள் வாராத சிறு கடைகள் பலவுள. கடையில் நால்வரே உள்ளபொழுது ஒருவர் குறைதல் முதலாளிக்கும் துன்பமே. அதனை யாம் மறுக்கவில்லை. எனினும் பத்தாண்டு பழகிய கையை இழந்து, புதியவரைப் பழக்கும் செலவு, சில வார அரைச் சம்பளத்தினும் பெரிதன்றோ?

ஆதலின் நம் சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். தலையில் அடிபட்டு மீளும் ஊழியரின் குறைந்த நேரத்திற்குரிய சம்பளத்திற் பாதியை முதலாளியும், மற்றைப் பாதியைச் சங்கமும் ஆறு வாரம் ஏற்குமாறு ஒரு சிறு நிதி அமைத்தல் வேண்டும். அந்நிதியின் பயன் எம்மரபினராயினும் நம் கடைகளில் உழைக்கும் அனைவர்க்கும் உரியதாகுக. இருசக்கர வண்டியிற் சரக்குக் கொண்டு செல்லும் இளைஞர்க்கெல்லாம் தலைக்கவசம் வாங்கித் தருதலும் அந்நிதியின் கடனாகுக. இதனை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு வேண்டுகின்றோம்.