குழந்தைகளின் ஊஞ்சலுக்கு ஏற்ற மரம்

(முத்தையாபுரத்தில் நிகழ்த்திய பேச்சு)



பள்ளி முற்றத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் அமைக்க ஊரார் முனையும்போது நாம் முதலில் விலையைக் கேட்கிறோம். அடுத்து வண்ணத்தைக் கேட்கிறோம். அது என்ன மரம், அதற்கு ஏற்றிய மருந்து எது என்று கேட்பவர் சிலரே. குழந்தையின் பாரத்தைத் தாங்கி நிற்பது அந்த மரமன்றோ? அது நெடுநாள் உழைக்கவும் வேண்டும். தொடும் குழந்தைக்குத் தீங்கு செய்யாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நாடுவது நமது கடமையாகும்.

முத்தையாபுரம் கடலுக்கும் உப்பளங்களுக்கும் அருகே அமைந்த ஊர். உப்புக் காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும். ஆகையால் இங்கே மரக் கருவிகளை நாடுவது பொருத்தமே. ஆனால் மரத்திற்கும் பகைவர் உண்டு. கரையான் ஒன்று, பூஞ்சை மற்றொன்று. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீடித்து நின்றால் பூஞ்சை பற்றிக்கொள்ளும். நட்ட கால் தரைமட்டத்தில்தான் முதலில் உளுத்துப்போகிறது. ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் அதுவே. 2023 டிசம்பரில் இம்மாவட்டம் முழுவதும் பெருவெள்ளம் சூழ்ந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய வெள்ளம் வடிந்தபின் மேற்பூச்சு பளபளப்பாகத் தோன்றினாலும், அடியில் கால் உளுத்துக்கொண்டிருக்கலாம்.

மரத்தில் வைரம் பார்த்து எடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தோணி கட்டும் கடற்கரைத் தச்சர்கள் அதனை நன்கு அறிவர். தேக்கின் வைரப்பகுதி இயற்கையிலேயே கரையானையும் பூஞ்சையையும் எதிர்த்து நிற்கும். அதைச் சூழ்ந்த வெளிறுக்கு அந்த வலிமை இல்லை. தேக்கேயாயினும் வெளிறு வெளிறுதான். மலிவாகக் கிடைக்கும் சவுக்குக் கழியை மருந்தேற்றாமல் மண்ணில் நட்டால் விரைவில் உளுத்துவிடும். பனையின் வைரம் உறுதியானதுதான். எனினும் அதன் சிராய் குழந்தைகளின் கையில் ஏறும். ஆதலால் கை படும் இடத்திற்கு அது ஆகாது.

வைரம் பாய்ந்த மரத்தை வாங்க இயலாதபோது மருந்தேற்றிய மரத்தை நாட வேண்டும். தூரிகையால் பூசுவது மேலோடு நின்றுவிடும். மரத்தை மூடிய உருளையில் அடைத்து, காற்றை வெளியேற்றி, மருந்துக் கரைசலை அழுத்தத்தால் உட்செலுத்துவதே முறை. இத்துறையில் நம் நாட்டவர் ஒருவரின் பங்கு பெரிது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் அவர்கள் 1933 ஆம் ஆண்டில் செம்பு, குரோமியம், பாஷாணம் ஆகியவற்றின் உப்புகளைக் கலந்து ஒரு மருந்தைக் கண்டார். ‘ஆஸ்கு’ என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. மழையில் எளிதில் கரையாமல் மரத்தோடு ஒட்டி நிற்பது அதன் சிறப்பு.

ஆயினும் அதிலுள்ள பாஷாணம் சிறிது சிறிதாக மரத்தின் மேற்பரப்பிற்கும் அடிமண்ணிற்கும் வருகிறது. மரத்தைப் பிடித்த கையைக் குழந்தை வாயில் வைக்கிறது. இதனைக் கருதியே அமெரிக்க நாட்டில், 2003 ஆம் ஆண்டு இறுதியுடன், வீட்டு உபயோக மரங்களுக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும் அம்மருந்தை ஏற்றுவதை உற்பத்தியாளர்கள் கைவிட்டனர். மின்கம்பத்திற்கு உகந்தது ஊஞ்சலுக்கு உகந்ததாகாது. தாரெண்ணெய் ஊறிய பழைய ரயில் சிலிப்பர் கட்டைகளும் குழந்தைகள் ஆடும் இடத்திற்கு ஆகா. வெண்காரக் கரைசல் ஏற்றிய மரம் கூரையின்கீழ் நன்று; வெளியே மழை அந்த மருந்தைக் கரைத்துவிடும். பாஷாணம் சேராத, செம்பை முதன்மையாகக் கொண்ட ‘தாமிர அசோல்’, ‘ஏ.சி.க்யூ’ போன்ற மருந்துகளே திறந்த வெளிக்கு ஏற்றவை. ஆகவே, ஏற்றிய மருந்தின் பெயரையும், மண்ணில் நடுவதற்குரிய அளவு ஏற்றப்பட்டதா என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் பெறுவோமாக.

அமைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. காலை நேரே மண்ணில் புதையாமல், கான்கிரீட் பீடத்தில் பதித்த இரும்புப் பட்டையில், தரைக்குச் சற்று மேலே நிற்கச் செய்வது நலம். செம்பு மருந்து சாதாரண ஆணியை அரிக்கும். உப்புக் காற்றும் அதற்குத் துணை போகும். துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டே இங்கு ஏற்றது. அளவுக்கு அறுத்துத் துளையிட்ட பின்னரே மருந்தேற்ற வேண்டும். பிறகு அறுக்க நேர்ந்தால், அறுத்த முகத்தில் மீண்டும் மருந்து பூச வேண்டும். மருந்தேற்றிய துண்டுகளை அடுப்பில் எரித்தல் கூடவே கூடாது. அந்தப் புகையும் சாம்பலும் நஞ்சாகும்.

ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன், தச்சரைக் கொண்டு ஒவ்வொரு காலையும் தரைமட்டத்தில் கூரிய ஊசியால் குத்திப் பார்ப்போம். ஊசி எளிதில் இறங்கினால், அன்றே ஊஞ்சலைக் கழற்றி வைப்போம். பழைய பாஷாண மரம் எங்கேனும் இருந்தால், ஆடி முடித்த குழந்தைகள் உண்பதற்கு முன் கை கழுவும்படி பழக்குவோம். மாற்றுக் கருவி அமைக்கவும் முற்படுவோம்.

ஊர்ப் பணத்தில் வாங்கும் பொருள் ஊரின் குழந்தைகளுக்காக. ஆகவே, அடுத்த முறை விலைப்பட்டியல் நம் முன் வரும்போது, விலைக்கு முன்னதாக மரத்தின் பெயரையும் மருந்தின் பெயரையும் கேட்போமாக.