கூரையில் ஓட்டை



அமைச்சர்களும் அதிகாரிகளும் தங்கள் காரில் சிவப்பு விளக்கு வைக்கக் கூடாது. 2017 மே 1 முதல் நம் நாட்டில் இந்த விதி வந்தது. விளக்குகளைக் கழற்றினார்கள். திருகாணி போட்டு மாட்டிய விளக்கு என்றால், கூரையில் ஓட்டை மிஞ்சும்.

சிலர் அந்த ஓட்டையில் பட்டியை மட்டும் அப்பிப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பட்டிக்குப் பின்னால் பிடிமானம் இல்லை. வண்டி குலுங்கும்போது விரிசல் விடும். மழைநீர் இறங்கும். தகரம் துருப்பிடிக்கும். செலவு இரட்டிப்பாகும்.

சரியான வழி என்ன? ஓட்டையைச் சுற்றிப் பெயிண்டையும் துருவையும் சுரண்ட வேண்டும். அளவாக வெட்டிய தகரத்தை வைத்துப் பற்றவைக்க வேண்டும். தேய்த்துச் சமமாக்க வேண்டும். அதன் மேல் பட்டியை மெல்லியதாகப் பூச வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் பெயிண்டும் அடிக்க வேண்டும். உள்பக்கமும் துரு பிடிக்காத பெயிண்ட் அடிக்க வேண்டும்.

பற்றவைக்கும் முன் பாட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். கூரையின் உள்துணியையும் எடுத்துவிட வேண்டும். தீப்பொறி பட்டால் துணி எரியும். ஆளுக்கே ஆபத்து.

வண்டியைப் பட்டறையில் விடுகிறீர்களா? "தகரம் வைத்து அடைப்பீர்களா?" என்று கேளுங்கள். பில்லில் அதை எழுதச் சொல்லுங்கள். நீங்களே படித்துப் பார்த்துப் பணம் கொடுங்கள்.