ஆட்டைப் பார்த்துக் கங்காரு என்றவர்கள்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடலில், ஆப்ரோலோஸ் தீவுகளை ஒட்டிய பவளப்பாறையில் 1629 ஜூன் மாதம் பட்டாவியா என்ற டச்சு வணிகக் கப்பல் மோதி உடைந்தது. தப்பிக் கரையேறியவர்களுக்குள் கலகமும் கொலைகளும் மூண்டன. கப்பலின் தலைவர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட், முகலாயர் ஆண்ட ஆக்ராவில் பல ஆண்டுகள் வணிகம் பார்த்தவர். இத்தனை அமளிக்கு நடுவிலும் அவர் தம் குறிப்பேட்டில் ஒரு விலங்குக்கு இடம் ஒதுக்கினார். அது முயல் அளவு இருந்தது. தலை புனுகுப்பூனையைப் போலவும், முன்கால்கள் குரங்கின் கைகளைப் போலவும் இருந்தன. வயிற்றில் ஒரு பை, பைக்குள் முலைக்காம்பைக் கவ்விய குட்டி. குட்டி அந்தக் காம்பிலிருந்தே முளைக்கிறது என்று பெல்சார்ட் முடிவு கட்டினார்.

அவர் கண்டது டாமர் வாலபி என்னும் சிறுவகைக் கங்காரு. முடிவு தவறுதான்; ஆனால் மன்னிக்கத்தக்க தவறு. மொச்சைக்கொட்டை அளவே உள்ள குட்டி, பிறந்ததும் தானே ஊர்ந்து பைக்குள் போய்விடுகிறது. அங்கே அது கவ்வும் காம்பின் நுனி அதன் வாய்க்குள் பருத்துக்கொள்வதால், வளர்ந்து தானாக விடும்வரை காம்பும் குட்டியும் ஒரே உறுப்பு போலத்தான் தோன்றும்.

பின்னாளில் வந்த இன்னொரு டச்சு மாலுமி வில்லெம் டி விளாமிங். இன்று பெர்த் நகரம் இருக்கும் ஆற்றில் 1697 ஜனவரியில் அவர் கருப்பு அன்னங்களைக் கண்டார். வெள்ளைக் காக்கை பறக்கிறது என்றால் தமிழில் அது பச்சைப் பொய். ஐரோப்பியர் பேச்சில் அந்த இடத்தில் இருந்தது கருப்பு அன்னம். ரோமானியர் காலம் தொட்டே அப்படி. அந்தப் ‘பொய்’களில் சிலவற்றை உயிரோடு பிடித்து, இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியா நகருக்கு அவர் கொண்டுபோனார். பக்கத்துத் தீவில் திரிந்த குவாக்கா என்ற சிறு பைம்மாவைப் பெரிய எலி என்று எண்ணி, தீவுக்கு ‘எலிக்கூடு’ என்று பொருள்படும் பெயரையும் வைத்தார். ராட்னெஸ்ட் என்ற அந்தப் பெயர் இன்றும் மாறவில்லை.

ஆங்கிலேயரின் முறை 1770இல் வந்தது. ஜேம்ஸ் குக்கின் எண்டவர் கப்பல் ஜூன் 11 இரவு கிழக்குக் கரையின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஏறி அடிப்பாகம் பிளந்தது. பழுதுபார்க்க ஓர் ஆற்று முகத்துவாரத்தில் ஏழு வாரம் தங்கவேண்டியதாயிற்று. இன்று அங்கே குக்டவுன் என்ற ஊர் இருக்கிறது. புறா சுடப்போன மாலுமிகள் எலி நிறத்தில், வேட்டைநாய் அளவில் ஏதோ ஒன்று தாவி ஓடியதாக வந்து சொன்னார்கள். இன்னொரு மாலுமி கருப்பாக, கொம்பு முளைத்த பேயையே நேரில் பார்த்ததாக அலறினார். அவரை அலறவைத்தது, நம் ஊர் ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்குகிறதே, அந்தப் பழந்தின்னி வௌவால் இனத்தின் ஒரு வகை.

ஜூலை 14 அன்று ஜான் கோர் என்ற அதிகாரி அந்தத் தாவும் விலங்கைச் சுட்டார். மறுநாள் அது சமைக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த குகு யிமிதிர் மக்கள் சொன்ன பெயரைக் கப்பலில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் குறித்துக்கொண்டார். கங்காரு என்ற சொல் பிறந்த கதை அது. அதற்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று பொருள் என்பது வெறும் கட்டுக்கதை. ‘கங்குரு’ என்பது அம்மொழியில் பெரிய, கருஞ்சாயல் கொண்ட ஒருவகைக் கங்காருவின் பெயர்தான் என்று மொழியியலாளர் ஜான் ஹேவிலண்ட் 1970களில் உறுதிப்படுத்தினார்.

அதே முகாமில் இரண்டு தரப்புக்கும் தகராறு மூண்டதும் ஒரு விலங்கால்தான். மாலுமிகள் கடலாமைகளைப் பிடித்துக் கப்பலில் குவித்திருந்தார்கள். ஜூலை 19 அன்று வந்த குகு யிமிதிர் ஆண்கள் அவற்றில் ஒன்றைக் கேட்டார்கள், தரவில்லை. தங்கள் கடலின் ஆமையைக் கொடுக்க மறுப்பதற்கு வந்தவர்கள் யார் என்ற கோபத்தில் முகாமைச் சுற்றியிருந்த காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். குக் துப்பாக்கியால் சுட, ஒருவர் காயப்பட்டார். பிறகு முதியவர் ஒருவர் முனையில்லாத ஈட்டியை ஏந்தி வந்து சமாதானம் பேசினார்.

கங்காருவின் தோல் லண்டன் போய்ச் சேர்ந்தது. உயிருள்ள கங்காருவை ஒருபோதும் கண்டிராத ஜார்ஜ் ஸ்டப்ஸ், அந்தத் தோலை உப்பவைத்துப் பார்த்து 1772இல் ஓவியம் தீட்டினார். சொல்லோ கப்பலேறித் திரும்பி வந்தது. 1788இல் சிட்னிப் பகுதியில் குடியேறிய ஆங்கிலேயர், அங்குள்ள மக்களுக்கும் இது தெரிந்திருக்கும் என்று நம்பி ‘கங்காரு’ என்றார்கள். ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேறு மொழி பேசிய அவர்களோ அதை வந்தவர்களின் சொல் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் பட்டியில் நின்ற ஆடுகளை வியந்து பார்த்து, “கங்காரு, கங்காரு” என்று அவர்கள் கூவியதை வாட்கின் டென்ச் என்ற படை அதிகாரி பதிவு செய்திருக்கிறார். விந்தை விலங்கு யாருக்கு எது என்பது நிற்கும் கரையைப் பொறுத்ததாயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் பிளாட்டிபஸ். வாத்தின் அலகு, நீர்நாயின் ரோமம், ஆணின் பின்காலில் நஞ்சுமுள். 1799இல் இதன் உலர்ந்த தோலை ஆராய்ந்த ஜார்ஜ் ஷா, யாரோ அலகை ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். குரங்கையும் மீனையும் தைத்துக் கடற்கன்னி என்று விற்ற காலம் அது. இந்த விலங்கு முட்டையிடும் என்று மண்ணின் மக்கள் சொன்னது ஐரோப்பிய அறிஞர்களின் காதுக்கு எட்டியும், பாலூட்டி முட்டையிடுமா என்ற வாதம் பல பத்தாண்டுகள் ஓயவில்லை. கடைசியில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த வில்லியம் கால்டுவெல், குயின்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றங்கரையில் அந்த மக்களையே துணைக்கு வைத்துத் தேடி, முட்டையிட்ட பிளாட்டிபஸைக் கண்டுபிடித்தார். அவருடைய தந்தி 1884 செப்டம்பர் 2 அன்று மாண்ட்ரியலில் கூடிய அறிஞர்கள் முன் வாசிக்கப்பட்டது. அதே நாளில் அடிலெய்டு நகரில் வில்ஹெல்ம் ஹாக்கே என்பவர், எக்கிட்னா என்ற முட்பாலூட்டியின் பையிலிருந்து எடுத்த முட்டையை அங்கிருந்த அறிவியல் சபையின் முன் எடுத்துக் காட்டினார்.