குழாய்ப் பழுதும் குடும்ப நலமும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர்ப் பேருந்துக்குக் காத்திருந்த பொழுது, பச்சைமலைப் பழங்குடி முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். பேரனுக்குச் சிரங்கு கண்டு மருத்துவம் பார்க்க வந்தவர். ஒரு கையில் மருந்துப் பொட்டலம். மறு கையில், துணியில் சுற்றிய பழைய குழாய். "இதற்கு வாஷர் வாங்கிப் போகிறேன், ஐயா. குழாய் கெட்டு ஒரு மாதமாகிறது. தண்ணீர் தொலைவிலிருந்து வருவதால் பிள்ளையைத் தினமும் குளிப்பாட்ட முடியவில்லை. பழுதை எழுதிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை" என்றார்.

நோயும் நோயின் காரணமும் அவருடைய இரு கைகளிலும் இருந்தன. எழுதிக்கொண்டு போனவர்களின் இனத்தைச் சேர்ந்தவர்களே நாமும் என்பதால், அச்சொல் நம்மைச் சுட்டது.

வீட்டில் நலம் தரும் கருவிகள் எவை? குழாய், குளியலிடம், கழிவறை, கழிவுநீர்க் கால்வாய், சமையலிடம், மின்கம்பி ஆகியவையே. இவற்றுள் ஒன்று கெட்டாலும் மருத்துவரின் அறிவுரை வீணாகும். தண்ணீர் வராத வீட்டில் "கை கழுவுக" என்று சொல்லிப் பயன் என்ன?

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் ஊர்களில் இவ்வுண்மையை ஆராய்ந்து கண்டனர். அந்நாட்டின் நடுப்பகுதியிலுள்ள பிட்ஜன்ஜட்ஜரா மக்களிடையே, மருத்துவர் பால் டோர்சில்லோ, கட்டடக் கலைஞர் பால் ஃபோலரோஸ், ஸ்டீபன் ரைனோ ஆகிய மூவரும் 1985-இல் இப்பணியைத் தொடங்கினர். 1987-இல் அறிக்கை வெளியாயிற்று. உடலைக் கழுவுதல், துணி துவைத்தல், கழிவை அகற்றுதல் முதலிய ஒன்பது நல்வாழ்வுப் பழக்கங்களுக்கு வீடு இடந்தருகிறதா என்று சோதிப்பதே அவர்கள் முறை. பின்னர் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்ததில், குடியிருப்போரின் தவறான பயன்பாட்டால் நேர்ந்த பழுது பத்தில் ஒன்றுக்கும் குறைவு; பெரும்பகுதி பராமரிப்பின்மையாலும், எஞ்சியவை கட்டியவர் குறையாலும் நேர்ந்தவை எனத் தெரிந்தது. "மலைமக்களுக்குப் பயன்படுத்தத் தெரியாது" என்று பழி கூறுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"பழுது நீக்காமல் கணக்கெடுப்பில்லை" என்பது அவர்களுடைய நெறி. கருவிப் பெட்டியுடன் சென்று, சிறு பழுதை அன்றே சரிசெய்வர். அவ்வூர் மக்களையே பயிற்றுவிப்பர். நியூ சவுத் வேல்ஸ் அரசு 2010-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இவ்வாறு செப்பனிட்ட வீடுகளில் வாழ்ந்தோர் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது, மற்றப் பழங்குடியினரைக் காட்டிலும் 40 சதவீதம் குறைவாக இருந்தது.

நமக்கும் இது புதிதன்று. திருச்சி நகரின் சமுதாயக் கழிப்பிடங்கள் பலவற்றை மகளிர் குழுக்களே ஏற்று, சிறு கட்டணத்தைக் கொண்டு பேணிக் காட்டியுள்ளன. 2014-இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தால் கழிவறைகளும், 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தால் குழாய்களும் பெருகின. கட்டுவது ஒரு நாள் வேலை. காப்பது என்றும் உள்ள வேலை.

ஆதலால் ஒவ்வொரு பஞ்சாயத்தும் நான்கு செயல்களை மேற்கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, பழுதுப் பதிவேடு. சொன்ன நாள், வீடு, பழுது, சரிசெய்த நாள் ஆகியவற்றோடு, "சரியாயிற்று" என்று வீட்டார் இடும் கையொப்பமும் அதில் இருத்தல் வேண்டும். அக்கையொப்பமின்றிப் பணி முடிந்ததாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது, குக்கிராமந்தோறும் ஒரு பெட்டி. வாஷர், குழாய், ஸ்பானர், பி.வி.சி. பசை, தாழ்ப்பாள் ஆகியவை அதில் இருக்கட்டும். தாழ்ப்பாள் உடைந்த கழிவறைக்குள் எந்தப் பெண்ணும் செல்லமாட்டாள். சிறு இரும்பால் பெருஞ்செலவு வீணாகிறது.

மூன்றாவது, அவ்வூர் இளைஞரையோ மங்கையையோ பயிற்றுவித்து, உரிய கூலி கொடுத்தல். மின்வேலையை மட்டும் தகுதி பெற்றவரிடமே விடுக. மின்கசிவு எனில் அதுவே முதற்பணி. அடுத்துத் தண்ணீரும் கழிவறையும்.

நான்காவது, ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபையில் அப்பதிவேட்டை உரக்கப் படித்தல். எந்தப் பழுது எத்தனை நாள் கிடந்தது என்பதை ஊரார் அறியட்டும். தாமதம் நம் அலுவலகத்தினுடையதாயின், நம்மையும் அங்கே கேளுங்கள்.

பேருந்து புறப்பட்டபொழுது, அம்முதியவர் மடியில் உறங்கிய சிறுவனின் கையில் சிரங்கு மருந்து பூசியிருந்தது. அம்மருந்து சில நாளில் தீர்ந்துவிடும். அவன் வீட்டுக் குழாயில் தண்ணீர் தீராதிருக்கச் செய்வது நம் கடமை.