நிரல் எழுதும் கருவி

இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை



சிதம்பரத்தில் 1916ஆம் ஆண்டு சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்த காலத்தில், நம் பிள்ளைகளின் கையில் சிலேட்டும் பலப்பமும் சேர்வதே பெரும் போராட்டமாக இருந்தது. இன்று மங்கலம்பேட்டையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நம் இளைஞர்கள் கணினியில் இணையதளம் அமைக்கக் கற்க விழைகின்றனர். அவர்களுக்குச் சிலேட்டாக அமைவது, நிரல் எழுதும் எடிட்டர் என்னும் மென்பொருளாகும். அதனைத் தேர்ந்தெடுப்பதும் தமக்கேற்பத் திருத்தி அமைத்துக்கொள்வதும் எவ்வாறு என்பது குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

விலையுயர்ந்த கணினி இல்லாதவன் இத்தொழிலில் நுழைய முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் வெறும் எழுத்துக் கோப்புகளாகவே எழுதப்படுகின்றன. எழுத ஓர் எடிட்டரும், எழுதியதைக் காண ஒரு பிரௌசரும் போதும். இரண்டும் விலையின்றிக் கிடைக்கின்றன.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட் இன்று பெரும்பாலோர் கையாளும் எடிட்டராகும். வேலைக்குச் செல்லும் இடங்களிலும் பரவலாக இருப்பதால் அதனை அறிந்திருத்தல் நன்று. ஆயினும் அது தன்னுள்ளேயே ஒரு பிரௌசரின் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு ஓடுவது. நினைவகத்தை மிகுதியாக விழுங்குவது. 2011இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசு வழங்கிய பழைய மடிக்கணினிதான் உங்களிடம் உள்ளதெனில், அதில் அது தடுமாறக்கூடும். அதற்காக மனம் தளர வேண்டா. விண்டோஸில் நோட்பேட் பிளஸ் பிளஸ், லினக்ஸில் ஜீனி ஆகியவை இலகுவாக ஓடும். விம் என்னும் எடிட்டர் இன்னும் சிறியது. மவுஸ் இன்றி விசைகளாலேயே இயங்கும். பழகச் சில வாரங்கள் பிடிக்கும். 1991இல் அதனை வெளியிட்ட நெதர்லாந்து நாட்டவரான பிராம் மூலனார், தமக்கு விலை கேட்கவில்லை. உகாண்டா நாட்டின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு கேட்டுக்கொண்டார். ஆகவே ஊரார் புகழும் எடிட்டரைத் தேடாதீர்கள். உங்கள் கணினிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

மண்வெட்டி வாங்கும் உழவர் தம் உயரத்திற்கும் கைக்கும் ஏற்பக் காம்பு போட்டுக்கொள்கிறார். எடிட்டரும் அவ்வாறே. முதல் நாளிலேயே நான்கு காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, எழுத்தின் அளவைக் கண்ணுக்கு இதமாக்கி, வரி எண்களைத் தெரியச் செய்யுங்கள். இரண்டு, கோப்புகளை யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். இல்லையேல் தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றும். மூன்று, தானே சேமிக்கும் வசதி இருந்தால் அதனை இயக்குங்கள். மின்சாரம் நின்றாலும் உழைப்பு வீணாகாது. நான்கு, உள்தள்ளலை ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்; பிறர் படிக்கும்போது அதன் அருமை தெரியும்.

எக்ஸ்டென்ஷன் எனப்படும் துணைக்கருவிகள் பல்லாயிரம் உள்ளன. கண்டதையெல்லாம் சேர்த்தால் கணினி மூச்சுத் திணறும். அறியாதவர் ஆக்கியவை உங்கள் கோப்புகளுக்குத் தீங்கும் செய்யலாம். நிரலைச் சீராக அடுக்கும் பிரிட்டியர், பிழை சுட்டும் இஎஸ்லின்ட் ஆகிய இரண்டும் தொடக்கத்திற்குப் போதும். அடுத்த வரியைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் இன்று எடிட்டருக்குள் வந்துவிட்டது. கற்கும் முதல் ஆறு மாதம் அதனை நிறுத்தி வையுங்கள். நேர்முகத் தேர்வில் உங்கள் எதிரிலேயே எழுதிக் காட்டச் சொன்னால், நீங்களே எழுதிப் பழகியது மட்டுமே துணை நிற்கும். பரிந்துரைக்க உறவினரோ நண்பரோ அத்துறையில் இல்லாத நமக்குத் திறமை ஒன்றே பரிந்துரைக் கடிதம்.

எந்தக் கருவியையும் நிலையென்று எண்ணாதீர்கள். கிட்ஹப் நிறுவனம் 2014இல் வெளியிட்டு, பலரும் விரும்பிய 'ஆட்டம்' என்னும் எடிட்டர் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. நிரல் மொழியை நன்கு கற்றவர்கள் வேறு எடிட்டருக்கு மாறித் தம் வேலையைத் தொடர்ந்தனர்.

கழகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பெங்களூரில் குடிசைப் பகுதி ஒன்றில் அம்பேத்கர் பெயரால் அமைந்த சமுதாயக் கணினி மையத்தில், கட்டற்ற மென்பொருளைக் கொண்டே குழந்தைகள் கணினியில் ஓவியம் தீட்டக் கற்றனர். அண்மையிலுள்ள விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருள்களைக் கற்பித்து வருகின்றனர். அவர்களை அழைத்து இங்கும் வகுப்பு நடத்தலாம். வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி தங்கையருடன் அமர்ந்து கற்பிக்கலாம். படிப்பகத்தில் ஒரு பழைய கணினி இருந்தாலும் தொடக்கத்திற்குப் போதும்.

இளைஞர்களே! இன்றிரவே ஓர் எடிட்டரைத் திறந்து, உங்கள் ஊரின் பெயரைத் தமிழில் காட்டும் ஒரு பக்கத்தை எழுதிப் பாருங்கள். வெள்ளி விழாக் கண்ட கழகம் பொன் விழாவும் காண வாழ்த்துகிறேன்.